கன்னத்துத் தழும்புக்கு எந்த லைட்?

நம் புகைப்படக்காரர் சங்கத்தின் இளைஞர்கள் ஒரு மலர் போடப் போகிறார்களாம். போன வாரம் மூன்று பேர் வீடு தேடி வந்து, "அண்ணா, போர்ட்ரெய்ட் லைட்டிங் பத்தி உங்க அனுபவத்த எழுதிக் குடுங்க" என்று கேட்டார்கள். சரி என்றேன். காபி குடித்து முடித்துச் செருப்பை மாட்டும்போது அவர்களில் ஒருவர் திரும்பி, "அந்தக் கோர்ட்டு விஷயம் மட்டும் வேண்டாங்ணா" என்றார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அந்தக் கோர்ட்டு விஷயத்தை விட்டுவிட்டால் லைட்டிங் பற்றிச் சொல்ல என்னிடம் பெரிதாக ஒன்றும் இல்லை. அதனால் அதைத்தான் எழுதுகிறேன். போடுவதும் போடாததும் உங்கள் இஷ்டம்.

அதற்கு முன்னால் உங்களைக் கொஞ்சம் திட்ட வேண்டியிருக்கிறது. நீங்கள் சேலத்தில் வைத்த கண்காட்சிக்கு நானும் வந்திருந்தேன். நாற்பது ஐம்பது முகங்கள் மாட்டியிருந்தீர்கள். எல்லாம் அவித்து உரித்த முட்டை. நாமக்கல்காரன் ஊருக்கெல்லாம் முட்டை அனுப்புகிறான், அது போதாதென்று முகத்தையும் முட்டையாக்க வேண்டுமா? முப்பது வருடம் போர்வெல் போடுகிற ரிக் வண்டியோடு வெயிலிலும் புழுதியிலும் கிடந்த மனிதருக்கும் அவர் பேத்திக்கும் ஒரே தோல். நெற்றியில் ஒரு கோடு இல்லை, கன்னத்தில் ஒரு குழி இல்லை. அந்த ரிக் முதலாளியை எனக்கு நன்றாகத் தெரியும். படத்துக்குக் கீழே பெயர் எழுதியிருந்ததால்தான் அடையாளம் தெரிந்தது.

கேட்டால், "சாஃப்ட்பாக்ஸ்ல எடுத்தாத்தாங்ணா கஸ்டமருக்குப் பிடிக்குது" என்கிறீர்கள். சும்மா கதை விடாதீர்கள். ஃபிளாஷுக்கு முன்னால் கதவு அகலத்துக்கு வெள்ளைத் துணி கட்டின சாஃப்ட்பாக்ஸை மாட்டிவிட்டால் வெளிச்சம் நாலு பக்கமும் வழிந்து எல்லாவற்றையும் மூடிவிடும். லைட்டை ஒரு முழம் தள்ளி வைத்தாலும் கேட்பாரில்லை. ஆள் எப்படி உட்கார்ந்தாலும் படம் வந்துவிடும். அந்தப் பெட்டியைக் கழற்றிவிட்டு வெறும் ஃபிளாஷை வைத்துப் பாருங்கள். ஹார்ட் லைட் என்பது அவ்வளவுதான். நிழலின் ஓரம் கத்தியால் வெட்டின மாதிரி நிற்கும். இரண்டு விரற்கடை நகர்த்தினால் ஆளே வேறு ஆள். எங்கே வைப்பது என்று முடிவு செய்ய, முதலில் எதிரில் இருக்கிற முகத்தைப் பொறுமையாகப் பார்த்தாக வேண்டும். அந்தப் பார்க்கிற வேலைக்குத்தான் உங்களுக்குச் சோம்பல்.

இதைச் சொல்ல இவனுக்கு என்ன யோக்கியதை என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். நானே முப்பது வருடம் பூசி மெழுகினவன். ஹார்ட் லைட்டைப் பரணில் தூக்கிப் போட்டதற்கு ஒரு காரணம் இருந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன், சிரித்துக்கொள்ளுங்கள்.

அப்போது ஃபிலிம் காலம். சேலத்தில் ஒரு கன்னியர் மடம், அதன் பள்ளிக்குத் தலைமையாசிரியையாக ஒரு சிஸ்டர். அவர் துறவறம் ஏற்று இருபத்தைந்து ஆண்டு நிறைவதற்கு விழா வைத்திருந்தார்கள். பெரிய படமாக எடுத்து ஃபிரேம் போட்டுத் தர வேண்டும். நான் அப்போதுதான் ஏதோ பத்திரிகையில் பார்த்துவிட்டு, வெறும் லைட்டை உயரத்தில் தூக்கிக் கட்டி, என் கெட்டிக்காரத்தனத்தையெல்லாம் காட்டி எடுத்தேன். பிரிண்ட் கைக்கு வந்தது விழா நாள் காலையில். மூக்கின் நிழல் நீளமாக இறங்கி மேலுதட்டில் படுத்திருந்தது. பார்க்கிறவர்கள் யாரும் அதை நிழல் என்று சொல்ல மாட்டார்கள். நல்ல அடர்த்தியான மீசை.

வேறு படம் எடுக்க நேரமில்லை. அதையே கொண்டுபோய் நீட்டினேன். சிஸ்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார். "பிள்ளைங்க எனக்கு வெச்சிருக்கிற பட்டப்பேரை உங்களுக்கு யார் சொன்னது?" என்று கேட்டார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. "மீசை சிஸ்டர்னு முதுகுக்குப் பின்னாடி கூப்பிடுவாங்க. நீங்க ஃபிரேமே போட்டுட்டீங்க" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். அவர் சிரித்ததால் நான் பிழைத்தேன். தப்பு, லைட்டை நான் வைத்த இடத்தில் இருந்தது. நானோ பழியை லைட்டின் மேல் போட்டுவிட்டு, ஊர் திரும்பிய கையோடு லைட்டில் மாட்டுகிற வெள்ளைக் குடையும் சாஃப்ட்பாக்ஸும் வாங்கினேன். அன்றிலிருந்து என் ஸ்டுடியோவில் யாருக்கும் மூக்கு நிழல் விழுந்ததில்லை. நிழல் மட்டுமா, எதுவுமே விழுந்ததில்லை.

இப்போது பூங்கொடி விஷயத்துக்கு வருகிறேன்.

நான் கடையை விட்டு ஒதுங்குவதற்கு முந்தைய வருடம் அது. பரமத்தி வேலூர்ப் பக்கம் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருக்கும் செல்லமுத்து என்பவர், தன் மகளை அழைத்துக்கொண்டு நாமக்கல்லில் என் ஸ்டுடியோவுக்கு வந்தார். மகள் பெயர் பூங்கொடி. இருபத்து நான்கு வயது இருக்கும். கோழி நோய்களைச் சோதிக்கிற ஒரு லேபில் வேலை பார்த்தாள். முந்தைய வருடம் அப்பாவும் மகளும் மொபெட்டில் வரும்போது பின்னால் வந்த மினி லாரி தட்டிவிட்டது. அவருக்கு முழங்கையில் சிராய்ப்போடு போயிற்று. அவளுக்கு இடது காதோரத்திலிருந்து தாடை முனை வரைக்கும் கன்னம் கிழிந்து, தையல் போட்டு, தழும்பாக ஆறியிருந்தது. தலைமுடியை அந்தப் பக்கம் முன்னால் இழுத்து விட்டுக்கொண்டு, கன்னத்தைத் தோளோடு சாய்த்தபடிதான் உட்காருவாள்.

"வரன் பாக்க ஆரம்பிச்சிருக்கோமுங்க" என்றார் செல்லமுத்து. "பொண்ணு போட்டோ ஒண்ணு வேணுமுங்க. கன்னத்துல இருக்கறது மட்டும் தெரியாம பாத்துக்கோங்க."

"அதெல்லாம் நீங்க சொல்லோணுமாங்க? விட்ருங்க, நான் பாத்துக்கறேன்" என்றேன்.

பார்த்துக்கொண்டேன். முகத்தைத் திருப்பி வைத்து, சாஃப்ட்பாக்ஸைக் கிட்டத்தில் கொண்டுவந்து, மிச்சம் மீதி தெரிந்ததைக் கம்ப்யூட்டரில் துடைத்து எடுத்தேன். கன்னம் கண்ணாடி மாதிரி ஆயிற்று. கைக்கு வந்த வேகத்தில் தாடையையும் கொஞ்சம் மெலிதாக்கிவிட்டேன். யாரும் கேட்கவில்லை, என் தாராளம். செல்லமுத்துவுக்குப் பரம சந்தோஷம். பூங்கொடி அந்தப் படத்தையே வெகு நேரம் பார்த்தாள். பிறகு, "இது யாருங்க சார்?" என்று கேட்டாள். நான் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு பல்லைக் காட்டினேன். இன்று நினைத்தால் என் தலையில் நானே குட்டிக்கொள்ள வேண்டும் போல இருக்கிறது.

இன்னொரு காரியமும் செய்தேன். இடத்தை அடைக்கிறதென்று, திருத்தாத மூலப் படத்தை அன்றைக்கே அழித்துவிட்டேன். உங்களில் பாதிப் பேருக்கு இதே பழக்கம் உண்டு. எனக்குத் தெரியும், மறுக்க வேண்டாம்.

ஐந்து மாதம் கழித்து அப்பாவும் மகளும் மறுபடி வந்தார்கள். கூடவே ஒரு வக்கீலம்மா. உட்காருவதற்கு முன்பே அவர் தன் செல்போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார். "அண்ணா, இந்தப் போட்டோ நீங்க எடுத்ததுங்களா?"

"ஆமாங்க" என்றேன் பெருமையாக.

"நல்லா எடுத்திருக்கீங்க. இதை வெச்சுத்தான் எங்க கேஸ ஒடச்சிட்டாங்க" என்றார்.

விஷயம் இதுதான். விபத்துக்கு நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட்டிருந்தார்கள். முகத்தில் தழும்பு விழுந்ததால் கல்யாண வாய்ப்பு பாதிக்கப்பட்டதற்கும் சேர்த்துக் கேட்டிருந்தார்கள். அப்படிக் கேட்கச் சட்டத்தில் இடம் உண்டாம். இன்சூரன்ஸ் தரப்பு வக்கீல் எங்கேயோ ஒரு வரன் பார்க்கிற வாட்ஸப் குழுவிலிருந்து என் படத்தைப் பிடித்துவிட்டார். பூங்கொடி சாட்சிக் கூண்டில் நிற்கும்போது அதைக் காட்டி, "இது நீங்கள்தானே?" என்று கேட்டிருக்கிறார். ஆமாம் என்றிருக்கிறாள். "இதை அனுப்பித்தானே மாப்பிள்ளை பார்க்கிறீர்கள்? இதில் தழும்பு எங்கே?" என்று அடுத்த கேள்வி.

அந்தப் பெண்ணின் நிலைமையை யோசித்துப் பாருங்கள். படம் நிஜம் என்றால் வழக்கு போயிற்று. படம் பொய் என்றால், பெண் வீட்டுக்காரர்கள் தழும்பை மறைத்து மாப்பிள்ளை தேடினார்கள் என்று நாலு பேர் முன்னால் ஒப்புக்கொள்ள வேண்டும். அவள் கொஞ்ச நேரம் தவித்துவிட்டு, "போட்டோ பொய்ங்க, மூஞ்சிதான் நெசம்" என்று சொல்லியிருக்கிறாள். அந்தக் கூடத்தில் அவர்கள் ஊர்ப்பக்கத்து ஆட்களும் இருந்தார்கள். ராசிபுரத்தில் படத்தை மட்டும் பார்த்தே ஏறக்குறைய முடிவாகியிருந்த ஒரு வரன், அன்று சாயங்காலமே ஃபோனில் கண்டபடி பேசிவிட்டுக் கழன்றுகொண்டது. ஒரு படத்தை வைத்துக்கொண்டு வழக்கையும் வரனையும் சேர்த்துக் கெடுத்த பெருமை எனக்கு.

"மூலப் படம் வேணுமுங்க அண்ணா" என்றார் வக்கீலம்மா. அழித்துவிட்டேன் என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை. "சரி, புதுசா ஒண்ணு எடுங்க. தழும்பு நல்லாத் தெரியோணும். நாளன்னிக்கு வாய்தா. நீங்களும் வந்து கூண்டுல ஏறி, பழைய போட்டோ திருத்தினதுன்னு சொல்லோணும்."

"அதுதான் ஜட்ஜ் மூஞ்சிய நேர்லயே பாத்திருப்பாருங்களே?" என்றேன், தப்பிக்கிற யோசனையில்.

"பாத்தாருங்க. நாளைக்கு இன்சூரன்ஸ்காரங்க மேல்கோர்ட்டுக்கு அப்பீல் போனா, அங்க காயிதந்தான் போகும், பொண்ணு போகாது. உங்க போட்டோ அந்தக் கேஸ் கட்டுல இருக்கற வரைக்கும் அதுதான் பேசும்."

குற்ற உணர்ச்சி ஒரு பக்கம், கூண்டில் ஏற வேண்டிய பயம் ஒரு பக்கம். அந்தக் கலவரத்தில் மனிதன் என்ன செய்வான்? முன்பு செய்த தப்புக்கு நேர் எதிரான தப்பைச் செய்வான். பரணிலிருந்து பழைய ரிஃப்ளெக்டர் கிண்ணத்தை இறக்கி, வெறும் ஃபிளாஷில் மாட்டி, அவளுடைய இடது பக்கத்தில் காதுக்கு நேராக வைத்தேன். வெளிச்சம் கன்னத்தைத் தேய்த்துக்கொண்டு போயிற்று. தழும்பின் ஒவ்வொரு மேடும் தனித்தனியாக எழுந்து நின்றது. தையல் போட்ட புள்ளிகள்கூட எண்ணுகிற மாதிரி தெரிந்தன. மறுபாதி முகம் இருட்டு. உழவு ஓட்டிப் போட்ட காடு மாதிரி இருந்தது அந்தப் படம்.

வக்கீலம்மா, "இதுதானுங்க வேணும்" என்றார்.

பூங்கொடி திரையைப் பார்த்தாள். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை, கோபப்பட்டாள். "ஏனுங்க சார், போன தடவ தழும்பு இல்லாம என்னைய எடுத்தீங்க. இந்தத் தடவ நான் இல்லாம தழும்ப எடுத்திருக்கீங்க. ரெண்டுல எதுங்க நானு?"

வக்கீலம்மா சமாதானம் பண்ணினார். "இது கோர்ட்டுக்கு மட்டுந்தான் கண்ணு. வரனுக்கு வேற ஒண்ணு நல்லதா எடுத்துக்கலாம்."

"அப்பிடி ரெண்டா வெச்சுக்கிட்டதுனாலதானுங்க்கா நான் கூண்டுல நின்னு முழிச்சேன்" என்றாள் பூங்கொடி. "எனக்கு ஒரே போட்டோ போதுமுங்க. கோர்ட்டுக்கும் அதையே குடுங்க, மாப்ள ஊட்டுக்கும் அதையே அனுப்பறேன். பாத்துட்டு வாரவிய வரட்டும்."

அதுவரை மூலையில் பேக்டிராப் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றிருந்த செல்லமுத்து, "எவன் வருவான் சாமி?" என்றார். மகளை அவர் சாமி என்றுதான் கூப்பிடுவார். "தெரிஞ்சே எவன் வருவான்?"

அவள் என்னைத்தான் பார்த்தாள்.

தம்பிகளே, தங்கைகளே, நாற்பது வருடத் தொழிலில் என்னிடம் யாரும் அப்படி ஒரு படம் கேட்டதில்லை. ஒரே படம். ஜட்ஜ் பார்த்தால் தழும்பு சந்தேகத்துக்கு இடமில்லாமல் தெரிய வேண்டும். ஒரு மாமியார்க்காரி பார்த்தால் பெண் தெரிய வேண்டும். சாஃப்ட்பாக்ஸ் இதற்கு உதவாது, அது முதல் விஷயத்திலேயே பொய் சொல்லும். பக்கவாட்டில் வைத்த லைட்டும் உதவாது, அது இரண்டாவதைத் தின்றுவிடும். எனக்கு அப்போதுதான் உறைத்தது. நான் இந்தப் பெண்ணை இரண்டு தடவை எடுத்திருக்கிறேன், ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. முதல் தடவை அப்பா சொன்னதைப் பார்த்தேன். இரண்டாம் தடவை வக்கீலம்மா சொன்னதைப் பார்த்தேன். முப்பது வருடத்துக்கு முன்னால் அந்த சிஸ்டரை எடுத்தபோதும் பத்திரிகையில் வந்த படத்தைத்தான் பார்த்திருக்கிறேன்.

ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு அவள் எதிரில் உட்கார்ந்தேன். வக்கீலம்மா கடிகாரத்தைப் பார்த்தார். பார்க்கட்டும் என்று விட்டேன். பூங்கொடிக்கு அகலமான நெற்றி. கண் பெரிதில்லை, ஆனால் ஒரு இடத்தில் நின்றால் நகராது. கீழுதடு கொஞ்சம் பிடிவாதம். தழும்பு மெலிசாக, ஓரிடத்தில் மட்டும் தடித்து, தாடையில் போய் முடிந்தது. முகத்தில் அதுவும் இருந்தது, அவ்வளவுதான்.

வெறும் லைட்டையே வைத்துக்கொண்டேன். ஆனால் காதோரத்திலிருந்து முன்னால் கொண்டுவந்தேன். தலைக்கு மேலே ஒரு முழம், தழும்பு இருக்கிற பக்கமாக ஒரு சாண். மூக்கின் நிழல் உதட்டைத் தொடாமல் சின்னதாக நின்றது. தழும்பின் ஓரத்தில் ஒரு நூல் நிழல், அதற்கு மேல் இல்லை. எல்லாம் சரி, ஒன்றைத் தவிர. அவள் வழக்கம்போலக் கன்னத்தைத் தோளில் சாய்த்து, தலை குனிந்திருந்தாள். அந்த லைட்டில் தலை குனிந்தால் கண் இரண்டும் குழியாகிவிடும். சாஃப்ட்பாக்ஸ் இதையெல்லாம் மன்னித்துவிடும், ஹார்ட் லைட் மன்னிக்காது. நிமிர்ந்தே ஆக வேண்டும்.

"முடியைப் பின்னால தள்ளிட்டு நிமிந்து பாரும்மா" என்றேன். நிமிர்ந்தாள், மறுபடி குனிந்துவிட்டாள். நாலைந்து தடவை அப்படியே ஆயிற்று. அவள் வேண்டுமென்று செய்யவில்லை, கழுத்து பழகிவிட்டது. எனக்குப் பொறுமை போய்க்கொண்டிருந்தது.

அப்போது என் பின்னாலிருந்து செல்லமுத்து, அவளைப் பார்க்காமலே, "அக்கட்டால திரும்பிக்க சாமி" என்றார். நல்ல கன்னம் தெரிகிற பக்கம் திரும்பச் சொன்னார். எத்தனையோ தடவை சொல்லிச் சொல்லி அது அவருக்கு வாயில் தானாக வருகிற வார்த்தையாகிவிட்டது.

அவள் திரும்பவில்லை. முடியைக் காதுக்குப் பின்னால் செருகிக்கொண்டு, தலையை நிமிர்த்தி, அப்பாவையே நேராகப் பார்த்தாள். "வேண்டாங்ப்பா" என்றாள். கோபமில்லை, கெஞ்சலும் இல்லை. நான் பட்டனை அழுத்தினேன். ஒரே படம்தான் எடுத்தேன். இன்னொன்று தேவைப்படவில்லை. கேமராவிலிருந்து கண்ணை எடுத்தபோது செல்லமுத்து வெளியே படியிறங்கிப் போய்க்கொண்டிருந்தார்.

படத்தைத் திரையில் பார்த்த வக்கீலம்மா, "இதுல தழும்பும் தெரியுதுங்க" என்றார். தழும்பு தெரியுது என்று சொல்லவில்லை, தழும்பும் தெரியுது என்றார். அது போதும் என்று நினைத்தேன்.

அன்றைக்கும் மறுநாளும் உங்களில் சிலர் என் வீட்டுக்கு வந்தீர்கள். விஷயம் எப்படியோ பரவியிருந்தது. "கூண்டுல ஏறி திருத்தினேன்னு சொல்லிடாதீங்ணா, அப்புறம் நாமக்கல்லுல எடுக்கற பொண்ணு போட்டோவெல்லாம் பொய்யின்னு ஆயிரும், எங்க பொழப்பு போயிரும்" என்றீர்கள். சாஃப்ட்வேர் தானாகச் செய்துவிட்டது என்று சொல்லச் சொல்லி யோசனை கொடுத்தவர் இப்போது சங்கத்தில் பொறுப்பில் இருக்கிறார். எனக்கும் சபலம் தட்டியது, மறைக்க மாட்டேன். தானாக நடந்தது என்றால் யார் மேலும் பழியில்லை. ஆனால் தாடையை மெலிதாக்கினது எந்த சாஃப்ட்வேர்? என் கைதானே?

வாய்தாவுக்கு முந்தின நாள் பூங்கொடிக்கு ஃபோன் செய்தேன். "அந்தப் பக்கவாட்டுப் படத்தை நான் இன்னும் அழிக்கலம்மா. கோர்ட்டுல அதையும் காட்டலாமா?" என்று கேட்டேன். எதற்கு என்றாள். சொன்னேன். "மூணையும் காட்டுங்க சார்" என்றாள்.

கூண்டில் ஏறினேன். முதல் படம் என்னால் திருத்தப்பட்டது, தழும்பை நான்தான் அழித்தேன், தாடையையும் தொட்டேன், மூலப் படம் இல்லை, அழித்ததும் நான்தான் என்று சொன்னேன். எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தார். புத்திசாலி மனிதர், சரியான கேள்வியைத்தான் கேட்டார். "முதல் படத்தில் இல்லாமல் செய்தவர் நீங்கள். இந்தப் படத்தில் வெளிச்சத்தை வைத்துப் பெரிதாக்கவில்லை என்று எப்படி நம்புவது?"

"பெரிதாக்கினால் எப்படி இருக்கும் என்று கொண்டுவந்திருக்கிறேன் ஐயா" என்று பக்கவாட்டுப் படத்தை எடுத்து நீட்டினேன். "இது மறைத்தது. இது கூட்டினது. இரண்டும் நான் செய்த தப்பு. இது மூன்றாவது. எது சரி என்று நான் சொல்ல வேண்டாம், அந்தப் பெண் இங்கேதான் இருக்கிறது."

ஜட்ஜ் மூன்றையும் மேஜையில் வரிசையாக வைத்தார். பூங்கொடியை ஜன்னல் பக்கம் வந்து நிற்கச் சொன்னார். அவள் முடியை ஒதுக்கிக்கொண்டு நின்றாள். அவர் படத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மூன்றாவது படத்தைத் தனியே எடுத்து, வழக்குக் கட்டில் சேர்க்கும்படி எழுத்தரிடம் கொடுத்தார். சில மாதங்களில் அவள் பக்கம் தீர்ப்பு வந்தது. இன்சூரன்ஸ்காரர்கள் அப்பீல் போகவில்லை.

நீங்கள் பயந்ததும் நடந்தது. எனக்கு நாலைந்து மாதம் ஒரு பொண்ணு போட்டோகூட வரவில்லை. மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் உங்களிடம் வந்து, "திருத்தினதா, திருத்தாததா?" என்று குடைந்தார்களாம். அந்தக் கோபத்தில்தான் கோர்ட்டு விஷயத்தை எழுதாதே என்கிறீர்கள். நன்றாகக் குடையட்டும் என்கிறேன் நான். உங்கள் படத்தால் ஒரு பெண் கூண்டில் நின்று, தன் முகம்தான் நிஜம் என்று சத்தியம் செய்ய வேண்டி வந்ததை நீங்கள் பார்த்திருந்தால் எனக்கு இவ்வளவு எழுத வேண்டியிருக்காது.

தீர்ப்பு வந்து ஒரு மாதம் இருக்கும். செல்லமுத்து தனியாகக் கடைக்கு வந்தார். ஒரு கட்டு வெற்றிலையை மேஜை மேல் வைத்தார்.

"அந்தப் போட்டோவப் பெருசா ஒண்ணு போட்டுக் குடுங்க. ஊட்ல மாட்டோணுமுங்க" என்றார்.

"எந்தப் போட்டோங்க?"

"தழும்பு இருக்கறது. அவ அதையேதான் எல்லாத்துக்கும் அனுப்பறா. ஏழு ஊட்டுக்குப் போச்சுங்க. ஆறு பேரு மூச்சே உடல. ஒருத்தரு மட்டும் வாரோமுன்னிருக்காங்க, வார ஞாயித்துக்கெழம." சொல்லும்போது அவர் முகத்தில் சந்தோஷமும் பயமும் மாறி மாறி வந்தன. "அவிய வரும்போது ஊட்லயும் அதுதான் இருக்கோணும்னு அவ சொல்லிட்டா."

வழக்குக்காகப் போட்ட பிரிண்டில் ஒன்று என்னிடம் இருந்தது. "அளவு பாத்துச் சொல்லுங்க" என்று அவர் முன்னால் வைத்தேன். அவர் அதைத் தொடவில்லை. சுவரைப் பார்த்தார், லைட்டைப் பார்த்தார், வெற்றிலைக் கட்டைச் சரி செய்தார். அப்போதுதான் எனக்குத் தெரிந்தது, மனிதர் இந்தப் படத்தை இன்னும் பார்க்கவே இல்லை. எடுத்த அன்று படியிறங்கிப் போய்விட்டார். கோர்ட்டில் வராந்தாவிலேயே நின்றுவிட்டார்.

"வண்டிய ஓட்டுனது நான்தானுங்க" என்றார் திடீரென்று. "பின்னால உக்காந்திருந்த புள்ளைக்கு அப்பிடி ஆச்சு. எனக்கு ஒண்ணும் ஆகல. அன்னீலிருந்து அவளுக்கு அந்தப் பக்கம் நான் பாத்ததே இல்லீங்க. சோறு திங்க உக்காந்தாலும் இந்தப் பக்கமாத்தான் உக்காருவேன்."

படத்தை அவர் பக்கம் இன்னும் கொஞ்சம் நகர்த்தினேன்.

அவர் சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு குனிந்தார். படத்திலிருந்து மகள் அவரையே நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் கண் அவளுடைய கண்ணில் கொஞ்ச நேரம் நின்றது, பிறகு மெதுவாகக் கன்னத்துக்கு இறங்கியது. வெற்றிலைக் கறை படிந்த விரலைக் காதோரத்தில் வைத்து, தழும்பின் மேலேயே தாடை வரைக்கும் கொண்டுவந்தார். திரும்ப ஒரு தடவை கொண்டுபோனார்.

"இவ்வளவுதானுங்களா?" என்றார். "நான் இன்னும் பெருசுன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேனுங்க."